மசிவே திட்டில் விட்டுவந்த பெண்

இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும்படி ஆனதே எங்கள் அதிர்ஷ்டம். கொஞ்சம் பிசகியிருந்தால் இன்றைக்கு நான் வாயே திறந்திருக்க மாட்டேன். என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எங்கள் பக்கத்தில் ஆட்களை எண்ண மாட்டோம். ஆட்டை எண்ணுவோம், மாட்டை எண்ணுவோம், தேங்காயை எண்ணித்தான் விற்கிறோம். மனிதர்களை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அதில் ஒன்று குறைந்துவிடும் என்று பயம். பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால்கூட, "இருக்குதுங்க, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து பாத்துக்கோங்க" என்றுதான் பதில் வரும். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பிள்ளையை யாராவது கண்வைத்தால் அவர்களுக்கும் முகம் கோணத்தான் செய்கிறது.

அதனால் என் கணவர் ம்ஹினாவின் படகில் வேறு ஒரு வழி வைத்திருந்தோம். ஏறுகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றி ஓலைக்கூடையில் போட வேண்டும். இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள், திரும்பி ஏறும்போது போடுவார்கள். கூடை நிறைந்தால் படகும் நிறைந்தது என்று கணக்கு. என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். கொஞ்சம் யோசித்தால் அதில் உள்ள ஓட்டை யாருக்கும் தெரியும். அத்தனை வருடமும் யாரும் யோசிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

உஷோங்கோ கடற்கரையில் ஒரு விடுதி. அங்கே தங்க வருகிறவர்களை நாங்கள் சுற்றிக்காட்டுவோம். ஒரு நாள் பங்கானி ஆற்றைத் தாண்டி டோங்கோனி கல்லறைகள், ஒரு நாள் ஆற்றுக்குள்ளேயே போய் முதலை பார்ப்பது, ஒரு நாள் மசிவே. மசிவே என்பது கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. கடல் வற்றினால் வெள்ளை வெளேரென்று நீளமாகக் கிடக்கும். ஏறினால் இருந்த இடம் தெரியாது. சுக்கான் ம்ஹினா கையில். சோறாக்குவது, கதை சொல்வது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது என் பொறுப்பு. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம்.

அந்த வாரம் வந்தவர்கள் ம்பேயா சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள். மலைநாட்டுக்காரிகள். ஒன்றாகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே துணியில் உடுப்பு, நல்ல மஞ்சள், அதில் மயில். தலைக்கும் அதே மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்றே தெரியாது. கூட்டத்துக்குத் தலைவி அங்கனிலே என்பவள், பீன்ஸ் மொத்த வியாபாரி, குரலும் உடம்பும் மூட்டை மூட்டையாக. கூட்டத்தின் கடைசியில் எப்போதும் துசெகிலே என்கிறவள். வாழைத்தார் விற்கிறவள், ஒல்லி, புருஷனை இழந்தவள்.

முதல் நாள் டோங்கோனிக்குக் கூட்டிப் போனோம். கடலோரமாகப் பழைய கல்லறைகள், சிலவற்றில் தூண் நிற்கும், பலவற்றில் விழுந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். துசெகிலேயை மட்டும் காணோம். போய்ப் பார்த்தால் ஒரு மூலையில், தூண்கூட இல்லாத சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஊர் என்ன, பேர் என்ன என்று செத்தவரை விசாரணை. வெயிலில் எனக்கு மண்டை காய்ந்தது. வாங்கம்மா என்று கூப்பிட்டால், யாரோ ஒருத்தர் தனியாகக் கிடக்கிறார், இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரக்கூடாதா என்று என்னையே கேட்டாள். வேனில் ஏறியதும் ம்ஹினாவின் காதில் சொன்னேன்: "இன்னொரு தடவ இந்தம்மா இப்படிப் பண்ணட்டும், விட்டுட்டுப் போயிட்டே இருக்கப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னேன். மறுநாள் அந்த வார்த்தை என் தொண்டையிலேயே முள்ளாக நின்றது.

எங்கள் ஊரில் மீன் பிடிக்கிற மாகாங்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவனுடைய தாத்தா உள்நாட்டிலிருந்து நார்க்கற்றாழைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ந்யாம்வேசி. நாங்கள் சிகுவா. இந்த இரண்டு கூட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாக உத்தானி. மாமன் மச்சான் கேலி மாதிரிதான், ஆனால் ஊர் முழுக்க, சாகும்வரைக்கும். அவன் எங்களை என்ன சொன்னாலும் நாங்கள் கோபப்படக் கூடாது, நாங்கள் என்ன சொன்னாலும் அவன் முகம் சுளிக்கக் கூடாது. எங்கள் கோழியை அவன் பிடித்துக்கொண்டு போனால் நாங்கள் வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும். போயிருக்கிறது, இரண்டு கோழி. அந்தக் காலத்தில் அவனுடைய ஆட்கள்தான் வணிகர்களின் யானைத்தந்தத்தைத் தலையில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள். அதனால் எங்களுக்கு அவன் சுமைதூக்கி. அவனுக்கு நாங்கள், கரையில் சும்மா உட்கார்ந்து அடுத்தவன் சுமையில் தின்ற கூட்டம்.

என் மாமனார் இறந்த அன்று வீடே ஓலமிட்டுக்கொண்டிருந்தது. இவன் உள்ளே வந்தான். செத்தவருடைய தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான், அவருடைய பாயில் மல்லாந்து படுத்தான், அவர் குரலிலேயே, காப்பியில் சர்க்கரை போதவில்லை, இந்த வீட்டில் எவளுக்கும் கை வராது என்று முனகினான். அவர் நோயில் கிடந்த மூன்று நாளும் ஒரு வாய் சாப்பிடாத என் மாமியார் சிரித்துவிட்டார். அதன்பிறகுதான் கஞ்சி குடித்தார். வேறு யார் அதைச் செய்திருந்தாலும் அடி விழுந்திருக்கும். இவன் செய்தால் அது கடமை.

சரி, மசிவே. பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். அந்தச் சமயத்தில் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும், ஏறும்போது அதே வேகத்தில் ஏறும். காலையில் போய் இறக்கிவிட்டோம். பெண்கள் மணலில் ஓடினார்கள், ஆடினார்கள், தேவாலயப் பாட்டுப் பாடினார்கள். அங்கனிலே தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, உண்மையிலேயே உப்பு என்று எல்லாருக்கும் அறிவித்தாள். நான் படகிலேயே அடுப்பு மூட்டித் தேங்காய்ப்பாலில் மீனும் சோறும் ஆக்கினேன். திட்டின் அந்தக் கோடியில் மாகாங்கா தன் சின்னப் பாய்ப்படகை நிறுத்திவிட்டு, ஈட்டியோடு முங்கி முங்கிக் கணவாய் மீன் தேடிக்கொண்டிருந்தான். போகும்போதே எங்களைப் பார்த்து, கரைத்திருடர்கள் வந்துவிட்டார்கள், கடலைப் பூட்டி வையுங்கள் என்று கத்தினான். நானும் திருப்பிச் சொன்னேன். அதை எழுத முடியாது.

தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் ம்ஹினா கொம்பை ஊதினார். பெண்கள் சிரித்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி தூக்கிவிட்டு ஏறினார்கள். செருப்புகள் கூடையில் விழுந்தன. கூடை நிரம்பி வழிந்தது. ம்ஹினா கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நங்கூரத்தை எடுத்தோம். பாதிப்பேர் முன்பக்கத்தில், பாதிப்பேர் பின்னால் நிழல்துணிக்கு அடியில். அலை தெறிக்கிறது என்று ஆளாளுக்குத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். வழி முழுக்கப் பாட்டு.

கரையில் இறங்கி ஆளாளுக்குச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கூடையில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. பழுப்பு நிறத் தோல்செருப்பு, வார் ஒரு பக்கம் தைத்திருந்தது. யாருடையது என்று தூக்கிக் காட்டினேன். யாரும் வரவில்லை. எல்லார் காலிலும் செருப்பு இருந்தது.

"துசெகிலே எங்க?" என்று அங்கனிலே கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பின்னால் இருந்தவர்கள் அவள் முன்னால் இருந்தாள் என்றார்கள். முன்னால் இருந்தவர்கள் பின்னால் என்றார்கள். அப்புறம் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: காலையில் இறங்கும்போதே துசெகிலே செருப்பை எடுக்கவில்லை, கடல்மண் உள்ளங்காலில் படவேண்டும் என்று வெறுங்காலோடு போனாள்.

என் கையில் இருந்த செருப்பு கனத்தது. ம்ஹினா படகைத் தண்ணீருக்குள் தள்ள ஆரம்பித்திருந்தார். நானும் போய்த் தோள் கொடுத்தேன். அங்கனிலேயும் ஏற வந்தாள், பாரம் கூடினால் வேகம் குறையும் என்று நான்தான் தடுத்தேன். அவள் கரையில் அப்படியே மண்டியிட்டுவிட்டாள்.

திரும்பிப் போன அந்த வழியை எனக்கு நினைக்கப் பிடிக்காது. அந்தப் பக்கம் கைபேசிக்குச் சரியாகச் சமிக்ஞை கிடையாது. கிடைத்தாலும் மாகாங்காவிடம் கைபேசி கிடையாது. இரண்டு கைபேசியைக் கடலில் விட்டபிறகு, மீன்கள் பேசிக்கொள்ளட்டும் என்று மூன்றாவது வாங்கவில்லை. அவன் இன்னும் அங்கே இருப்பானா, கணவாய் கிடைத்துக் கரை திரும்பியிருப்பானா, யாருக்குத் தெரியும். இருந்தாலும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனுக்கு மேலே நடப்பது எப்படித் தெரியும். எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் சொல்லி வேண்டினேன். நடுநடுவே என் வாயை நானே திட்டினேன். ம்ஹினா ஒரே ஒரு தடவை பேசினார்.

"நீச்சல் தெரியுமா அவங்களுக்கு?"

"மலைக்காரி. கடலையே முந்தாநாள்தான் பாத்தாங்க."

அதன்பிறகு அவர் இயந்திரத்தின் கைப்பிடியை அது போகிற அளவுக்கு முறுக்கிவைத்தபடி நின்றார். முகம் சாம்பலாகிவிட்டது. இந்த மனுஷனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மசிவே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் வெளிறி, சின்னச் சின்ன அலையாகப் புரண்டுகொண்டிருந்தது. ம்ஹினா இயந்திரத்தை நிறுத்தினார், சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று. காற்றுதான் கேட்டது. அவர் சட்டையைக் கழற்றிக் குதிக்கத் தயாரானார். அப்போதுதான் நான் அந்த மஞ்சளைப் பார்த்தேன். தண்ணீரில் இல்லை, ஆகாயத்தில். ஒரு பாய்மரத்தின் உச்சியில் மயில் போட்ட மஞ்சள் துணி படபடத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் கிட்டே போனபோது மாகாங்கா படகின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். துசெகிலே அவனுடைய கிழிந்த சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பாய்த்துணியைச் சுற்றிக்கொண்டு, கணவாய்க் குவியலுக்கு நடுவில் சுட்ட மரவள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு. மென்றுகொண்டு.

"என்ன மச்சான், எதையோ தொலைச்ச மாதிரி வர்ற?" என்றான் மாகாங்கா.

ம்ஹினா படகின் அடிப்பலகையில், அழுக்குத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. எனக்கு உடம்பில் இருந்த பலமெல்லாம் கரைந்துபோய், அந்த இடத்தில் ஏதோ இதமாக ஊறியது. அப்படி ஒரு நிம்மதியை நான் பிள்ளை பெற்றபோதுகூட உணர்ந்ததில்லை. ஆண்டவனுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சுமதூக்கிப் பயலே, அவங்கள கரைக்குக் கொண்டுவராம இங்க உக்காந்து என்னய்யா பண்ற?"

"மச்சினி, எதிர்க்காத்துல இந்தப் பாய வச்சிக்கிட்டு நான் என்ன பறந்தா வருவேன்? நீங்க தேடிட்டு இங்கதான் வருவீங்கன்னு தெரியும். அதான் கொடி ஏத்திட்டு உக்காந்திருக்கேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டான். "ஆனா ஒரு விஷயம். நீங்க கடல்ல போட்டுட்டுப் போனத நான் பொறுக்கினேன். இனிமே இது என் சரக்கு. தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு, இந்தக்கா பாட்டுப் பாடிக்கிட்டு நிம்மதியா நின்னாங்க. நீங்க ஏன் வந்து கெடுக்கிறீங்க?"

துசெகிலே அவனை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் கிழங்கைக் கடித்தாள்.

அவளை எங்கள் படகுக்கு மாற்றினோம். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குளிர்ந்து போயிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன், செருப்பைக் காட்டினேன், கூடைக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தண்ணீரில் நின்றபோது தெரிந்தவர்களையெல்லாம் பேர் சொல்லித் திட்டித் தீர்த்ததாகச் சொன்னாள். முதலில் புருஷனை, அவசரப்பட்டுச் செத்ததற்கு. அப்புறம் அங்கனிலேயை, மலையில் சும்மா கிடந்தவளைக் கடலுக்குக் கிளப்பியதற்கு.

"உங்களையும் திட்டினேன் தங்கச்சி. பேரு தெரியாததால 'சோத்துக்காரி'ன்னு திட்டினேன்."

கூட்டத்தை விட்டு அவ்வளவு தூரம் ஏன் போனாள் என்றும் என் காதில் மட்டும் சொன்னாள். ஒதுங்கப் போயிருக்கிறாள். திட்டில் ஒரு செடி கிடையாது, மறைவு கிடையாது. மானமுள்ளவள், கூட்டத்தின் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தூரம்வரை நடந்து போய்த் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். கொம்புச் சத்தம் கேட்டு ஓடிவருவதற்குள் படகு கிளம்பிவிட்டது. கத்தியிருக்கிறாள். எங்கள் படகில்தான் ஊரே பாடிக்கொண்டிருந்ததே. இதை யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். பேர் மாற்றாமல் நான் இங்கே எழுதிவிட்டேன், ஆனால் அவளே பிற்பாடு ம்பேயா சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

மாகாங்காவின் படகைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். மஞ்சள் துணி இன்னும் அவன் உச்சியிலேயே பறந்தது. கரையில் பெண்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. விடுதி மேலாளரும் நின்றார். அங்கனிலே இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டுவதும் தெரிந்தது. அவள் ம்ஹினாவை அடித்திருந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

முழங்கால் தண்ணீரில் படகு நின்றது. மாகாங்கா தன் படகிலிருந்து குதித்து முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து வழிமறித்தான். சரக்கைச் சும்மா விட முடியாது, மீட்புக்கூலி கொடுத்தாக வேண்டும் என்றான். காசு வேண்டாம். சிகுவாவின் காசு செல்லாது.

"எங்க பாட்டன்மாருங்க ஆயிரம் மைலு சுமந்தாங்க, ஒரு தந்தத்தக்கூட நடுவழியில வச்சிட்டு வரல. நீ ஒரு ஒல்லிப் பொம்பளய மறந்துட்டு வந்துட்ட. நீ விட்ட சுமைய இப்ப நீயே தூக்கு மச்சான். ஊர் பாக்கணும்."

உத்தானிக்காரன் கேட்டால் மறுக்கக் கூடாது. ம்ஹினா தண்ணீரில் இறங்கி முதுகைக் காட்டிக் குனிந்தார். துசெகிலே முதலில் வெட்கப்பட்டாள், பிறகு ஏறிக்கொண்டாள். மாகாங்கா முன்னால் நடந்தான், தோளில் ஈட்டி, பழங்காலத்து வணிகக்கூட்டத் தலைவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வழியெல்லாம் ம்ஹினாவைத் திட்டினான். இந்தக் கழுதைக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியும், ஆள் பிடிக்கத் தெரியாது என்றான். இவன் கல்யாணத்தன்று பெண்ணை மறந்துவிட்டு மாமியாரைக் கூட்டிவந்தான் என்றான். இவன் பெண்டாட்டி கண்ணை எங்கேயோ வைத்துவிட்டுத்தான் சோறாக்குகிறாள், அதனால்தான் சோற்றில் எப்போதும் கல் என்று என்னையும் இழுத்தான். ம்ஹினாவின் பரம்பரையை மேலிருந்து கீழ்வரை, செத்தவர்களையும் விடாமல், தண்ணீர் முடிந்து மணல் வரும்வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தான்.

பெண்களில் ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. துசெகிலே முதுகிலிருந்து, வேகமாகப் போ கழுதை, பசிக்குது என்று சொன்னதும் கரையே சரிந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதார்கள், அழுதுகொண்டே அவளை இழுத்து அணைத்தார்கள். அங்கனிலே மட்டும் ம்ஹினாவுக்கு எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் மாகாங்காவின் பக்கம் திரும்பி, தான் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் இந்த ஆள் சொல்லி முடித்துவிட்டான், தனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை என்று குறைபட்டாள். பிறகு ம்ஹினாவின் தலையில் தன் பெரிய கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். அது அடியா ஆசீர்வாதமா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ம்ஹினா ஈரத்தோடேயே மேலாளரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். சில நாள் படகு நின்றது. இப்போது ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். பேர் சொல்வதில் தோஷமில்லை. அன்றைக்குச் சாயங்காலமே இதை யோசித்தோம். ஒருநாள் முன்னால் யோசித்திருக்கலாம்.

பெண்கள் விடுதிக்குள் போனபிறகு, மாகாங்கா சமையல்கட்டுப் பின்பக்கம் வந்து உட்கார்ந்தான். அது அவன் வழக்கம், எங்கள் வீட்டுச் சோறு அவனுக்குப் பாத்தியதை. ஒரு தட்டில் சோறும் கணவாய்க் குழம்பும் போட்டு அவன் முன்னால் வைத்தேன். கல் இருக்கிறதா பார், பொறுக்கித் தின் என்றேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மச்சினி," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே. "கணுக்கால்னு சொன்னேன்ல. கழுத்து."

நான் அடுப்பிலிருந்து திரும்பினேன்.

"அலை வந்தா வாயி மூடிடும். அது போனதும் பாடுவாங்க. கத்தல, பாடினாங்க. நான் ஒரு முங்கு போட்டுட்டு மூச்சு வாங்க மேல வந்தப்பத்தான் அது காதுல விழுந்துச்சு. ஏதோ பறவைன்னு நெனச்சேன். கல்லுக்கு அடியில ஒரு பெரிய கணவாயப் பாத்து வச்சிருந்தேன், இன்னொரு முங்கு போட்டு அத எடுத்துட்டுப் பாத்துக்கலாம்னு ஈட்டியக்கூடக் கையில எடுத்துட்டேன்." பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். "எடுத்துட்டேன் மச்சினி. என்னமோ திரும்பிப் பாத்தேன்."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கேலி கலக்காமல் பேசிய முதல் பேச்சு அது. நன்றி என்ற சொல்லை எங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. நான் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவன் முதலில் அழுதானா நான் அழுதேனா என்று தெரியாது. சத்தம் போட்டு அழுதோம், இரண்டு பேரும், நடுவில் அந்தச் சோற்றுத்தட்டை வைத்துக்கொண்டு.

ம்ஹினா அப்போதுதான் குளித்துவிட்டு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

"யாரு செத்தா?" என்று கேட்டார்.

"யாரும் சாகலங்க," என்றேன். அதை என் வாயாலேயே சொல்லிக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன். "யாரும் சாகல."